கம்பெனி வக்கீல் வேலை யார் வீட்டுச் சொத்து?

குற்றாலத்தில் சாரல் விழும் பருவத்தில்தான் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு சீசன் வருகிறது. இன்டர்ன்ஷிப் சீசன். பெரிய வணிகச் சட்ட நிறுவனங்களில் பயிற்சி இடம் பிடிப்பது எப்படி என்று யூடியூபிலும் லிங்க்ட்இனிலும் அறிவுரை கொட்டோ கொட்டென்று கொட்டும். சி.வி.யை ஒரே பக்கத்தில் முடி. ஆறு மாதம் முன்பே அனுப்பு. நிமிர்ந்து உட்கார்ந்து பேசு. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடர்புகளை வளர்த்துக்கொள்.

தொடர்பு! மேலகரத்திலிருந்து திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வரும் ஒரு மாணவிக்கு அந்த நிறுவனங்களில் ஒருவரைக்கூடத் தெரியாது. அவள் கூச்ச சுபாவம் உள்ளவள் என்பதால் அல்ல. அவள் தெருவிலிருந்து, அவள் சாதியிலிருந்து அங்கே எவரும் போனதில்லை என்பதால். மாமா சீனியர் அட்வகேட், பெரியப்பா ஆடிட்டர், அப்பாவின் கிளப் நண்பர் ஒரு பார்ட்னர் என்று பிறப்பிலேயே வந்து சேர்ந்த ஒன்றை, முயன்றால் யாருக்கும் கிடைக்கும் திறமைபோலப் பெயர் மாற்றி விற்கிறார்கள். அக்கிரகாரத் திண்ணையில் நடந்த பேச்சுதான் இது. இப்போது அதற்கு நெட்வொர்க்கிங் என்று பெயர்.

இந்தக் கதவு யாருக்கு எப்படிச் சாத்தப்பட்டது என்பதற்கு நம்மிடம் முதல் சாட்சியே அண்ணல் அம்பேத்கர்தான். 1922-இல் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். கொலம்பியா, லண்டன் பொருளாதாரப் பள்ளி என்று அவர் கையிலிருந்த பட்டங்களை இன்றைக்கு எந்த நிறுவனமும் சி.வி.யில் பார்த்தால் எழுந்து நிற்கும். 1923-இல் பம்பாயில் தொழில் தொடங்கினார். அங்கே உயர்நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில், பணம் புரளும் வணிக வழக்குகள் சொலிசிட்டர் அலுவலகங்களின் கை வழியாகத்தான் பாரிஸ்டரிடம் வரும். தீண்டத்தகாதவர் ஒருவரிடம் கட்டை நீட்ட அந்தக் கைகளுக்கு மனம் வரவில்லை. மாவட்ட நீதிமன்றங்களில் ஏழைகளின் வழக்குகளை நடத்தினார். வயிற்றுப்பாட்டுக்குக் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் நடத்தினார். கவனியுங்கள் தோழர்களே, வணிகச் சட்டத்தைப் பாடம் நடத்த அவர் தகுதியானவர். வணிக வழக்கை நடத்தத்தான் தகுதியில்லை! இந்தியாவின் இன்றைய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களில் பழையவை பலவும் அந்தச் சொலிசிட்டர் அலுவலக மரபில் வந்தவை.

சென்னையில் மட்டும் என்ன வாழ்ந்தது? உயர்நீதிமன்ற வழக்கறிஞர் உலகை மயிலாப்பூர்க் கூட்டம், எழும்பூர்க் கூட்டம் என்று பிரித்துப் பேசிய காலம் ஒன்று இருந்தது. நம்முடைய முன்னோடிகள் அதைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. எண்ணினார்கள். 1916 டிசம்பரில் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 1913-இல் சென்னை மாகாணத்தில் நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அதில் பார்ப்பனர் 93, பார்ப்பனரல்லாத இந்துக்கள் 25. அந்த அறிக்கையின் பலம் அதன் வசனத்தில் இல்லை, இந்த எண்களில் இருக்கிறது. வகுப்புவாரி ஆணைக்கு வழி திறந்தது இந்தக் கணக்குதான்.

நூறாண்டு கழித்தும் எண்ணினால்தான் உண்மை வெளிவருகிறது. 2018 முதல் 2023 ஜூலை வரை உயர்நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் 458 பேர் பொதுப்பிரிவினர், பிற்படுத்தப்பட்டோர் 72, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 9. இது ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு. உச்ச நீதிமன்றத்துக்கு முதல் தலித் நீதிபதியாக நம் தமிழ்நாட்டின் அ. வரதராசன் போய்ச் சேர 1980 ஆனது.

நீதிபதிகளையாவது எண்ணுகிறார்கள். நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் ஒப்பந்தங்களை எழுதும் தனியார் சட்ட நிறுவனங்களில் எத்தனை பட்டியல் சாதிப் பயிற்சியாளர்கள், எத்தனை பார்ட்னர்கள்? எவரும் கேட்பதில்லை, எவரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும் என்று சட்டமும் இல்லை. கேட்டால் "நாங்கள் சாதி பார்ப்பதில்லை" என்பார்கள். பார்க்காமலேயே இப்படி அமைந்துவிட்டதாம்.

எப்படி அமைகிறது என்று சொல்கிறேன். ஆட்சேர்ப்பு, பெரும்பாலும் பேர்பெற்ற சில தேசியச் சட்டப் பல்கலைக்கழக வளாகங்களில் நடக்கிறது. அங்கே நுழைய கிளாட் தேர்வு. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் மட்டுமே பொதுப்பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 3,500 ரூபாய். கோச்சிங் தனி. உள்ளே போனால் ஆண்டுக்கு லட்சங்களில் கட்டணம். இந்தப் பக்கம், 69 விழுக்காடு இடஒதுக்கீட்டோடு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காட்டோடு நடக்கும் நம் அரசுச் சட்டக் கல்லூரிகள். எந்த வாசலில் நம் பிள்ளைகள் இருக்கிறார்களோ அந்த வாசலுக்கு நிறுவனம் வருவதில்லை. வளாகத்தைத் தேர்ந்தெடுத்தபோதே பெரும்பாலும் சாதியும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது. பிறகு நேர்காணலில் சாதி கேட்காமலிருப்பதில் என்ன பெருந்தன்மை?

தகுதி, திறமை என்று வாய் திறப்பவர்களுக்கு ஒரே ஒரு செய்தி. நாட்டின் மிகப் பெரிய வணிகச் சட்ட நிறுவனங்களில் ஒன்றான அமர்சந்த் மங்கள்தாஸ் 1917-இல் தொடங்கியது. 2015-இல் அது இரண்டாகப் பிரிந்தது. பாகம் பிரித்துக்கொண்டவர்கள் உடன்பிறந்த சகோதரர்கள். சட்டப்படி அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அப்பன் தொழில் பிள்ளைக்கு என்பது அங்கே பாரம்பரியம், இங்கே இடஒதுக்கீடு கேட்டால் மட்டும் தகுதிக் குறைவு.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். இது நம் தோழர்கள் சிலருக்குக் கசக்கும். "கார்ப்பரேட்டுக்கு வேலை பார்க்கவா சட்டம் படித்தாய்? வன்கொடுமை வழக்கை யார் நடத்துவது?" என்று இந்தப் பிள்ளைகளிடம் நாமே கேட்கிறோம். அந்த வழக்குகளை நடத்த ஆள் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளை மட்டும் கருப்புக் கோட்டோடு பிணவறை வாசலில் நிற்க வேண்டும், அவர்கள் பிள்ளை குளிரூட்டிய அறையில் கம்பெனிகளை இணைக்க வேண்டும் என்றால் அது என்ன ஏற்பாடு? தொழிலைப் பிரித்துக் கொடுப்பதற்கு நம்மூரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. புரட்சியின் பெயரால் அதையே செய்யாதீர்கள்.

அந்த அறையில் என்ன எழுதப்படுகிறது என்பதும் நம் பிழைப்பைத் தொடுகிற விஷயம். ஒரு மில் திவாலானால், 2016 திவால் சட்டத்தின் 53-ஆவது பிரிவு தொழிலாளியின் 24 மாத நிலுவையை, பிணை பெற்ற வங்கிக் கடனுக்குச் சமமான வரிசையில் வைக்கிறது. அந்த நிலுவை எவ்வளவு என்று கணக்குப் போடும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஒரு மின் நிறுவனம் நிலம் வாங்கும்போது அதன் சட்ட நிறுவனம் முதலில் செய்வது பத்திர ஆய்வு. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அடங்கல், பழைய செட்டில்மென்ட் பதிவேடு. எல்லாம் தமிழில், பாதி கையெழுத்தில். சென்னையில் ஆங்கிலத்திலேயே வளர்ந்த அசோசியேட்டுக்கு இதை மொழிபெயர்த்துத்தான் கொடுக்க வேண்டும். 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஆங்கிலேய அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்று பழைய பதிவேட்டில் ஒரு மூலையில் குறித்திருந்தால், அந்த நிலத்தைப் பிறருக்கு விற்ற பத்திரம் நிபந்தனை மீறல். அந்தக் குறிப்பைக் கண்டதும் நிற்கிற கண் ஒன்று, "உரிமை தெளிவாக உள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் புரட்டும் கண் இன்னொன்று. எந்தக் கண் அங்கே இருக்கிறது என்பதுதான் என் கவலை.

மேலகரத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் ஊர்க்காரர். பாட்டுக்காக மதுரை நாயக்கர் அவருக்குக் கொடுத்த நன்செய்க்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். குறத்தியின் பெயரில் நிலம். நிலம் குறத்திக்கு இல்லை. பத்திரம் யார் கையில் என்று பார்க்க இந்த ஊர் நன்றாகவே சொல்லிக் கொடுக்கும்.

ஆகவே விண்ணப்பியுங்கள். இதைச் சொல்லும்போது எனக்குச் செண்பகம் துரைராசன் வழக்கு நினைவுக்கு வருகிறது. 1951-இல் வகுப்புவாரி ஆணையைச் சாய்த்த வழக்கு. அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் விண்ணப்பிக்கவில்லை என்றார், நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 'விசாரித்ததில் கிடைக்காது என்று தெரிந்து' விண்ணப்பிக்காத நம் பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! அவர்களுக்காக எந்த நீதிமன்றமும் எந்த ஆணையையும் ரத்து செய்யவில்லை. நீங்கள் விண்ணப்பித்தால்தான் மறுத்தார்கள் என்பதற்கே சாட்சியம் உண்டாகும்.

பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் பயிற்சி கட்டாயம். அந்தப் பட்டியலில் சட்ட நிறுவனம் மட்டுமல்ல, விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர், கம்பெனி, உள்ளாட்சி அமைப்பு எல்லாமே இருக்கின்றன. முதல் இரண்டு ஆண்டை உங்கள் ஊரிலேயே செலவழியுங்கள். தென்காசி நீதிமன்றத்தில் ஒரு சிவில் வழக்கறிஞரிடம் பத்திரம் படிக்கப் பழகுங்கள். மூன்றாம் ஆண்டில் சென்னையின் நடுத்தர நிறுவனங்களுக்கு எழுதுங்கள். அதைக் காட்டிப் பெரிய இடங்களுக்குப் போகலாம். சி.வி.யில் "தென்காசியில் பயிற்சி" என்று கூச்சத்தோடு ஒரு வரி எழுதாதீர்கள். எத்தனை பத்திரம் படித்தீர்கள், எத்தனை ஆண்டு வில்லங்கம் பார்த்தீர்கள், என்ன குறை கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். மூட் கோர்ட் கோப்பையைவிட அது கனமானது என்று தெரிந்த பார்ட்னர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். விண்ணப்பக் கடிதம் பத்து வரிக்கு மேல் வேண்டாம். அந்த நிறுவனம் எந்தத் துறையில் வேலை செய்கிறது, அதில் நீங்கள் எதைச் செய்து கொடுப்பீர்கள், அவ்வளவுதான். தாழ்மையுடன், பணிவுடன் எல்லாம் வேண்டாம். நாம் அவர்களிடம் பிச்சைக்குப் போகவில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சரிப்பு பற்றிக் கவலைப்படாதீர்கள், எழுத்தைப் பழகுங்கள். ஒப்பந்த ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் இல்லை. ஐம்பது அறுபது வாக்கிய அமைப்புகள் திரும்பத் திரும்ப வரும். ஓர் ஆண்டில் கைவசமாகும். ஆங்கிலம் படி என்று பெரியார் சொன்னதும் இதற்குத்தான்.

நேர்காணலில் "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்பார்கள். கூலி வேலை என்றால் கூலி வேலை என்றே சொல்லுங்கள். "சொந்த ஊரில் எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வந்தால் அது எதற்கான கேள்வி என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "இது இந்த வேலைக்கு எப்படித் தேவைப்படுகிறது சார்?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள்.

எல்லாம் சரி, நான்கு வாரம் சென்னையில் தங்குவதற்குக் காசு? இங்கேதான் நம்மில் பாதிப் பேர் உதிர்கிறார்கள். பல நிறுவனங்கள் பயிற்சி மாணவருக்குச் சல்லிக்காசு கொடுப்பதில்லை. பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு, வெள்ளைச் சட்டை, கருப்பு ஷூ எல்லாம் நம் கைக்காசு. சம்பளமில்லாப் பயிற்சி என்பது, காசுள்ளவன் மட்டும் வா என்று எழுதாமல் எழுதிய பலகை. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்றது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இரண்டும் நல்லவை. இரண்டும் பட்டம் வாங்கியவர்களுக்கு. மாணவர் பயிற்சி இன்னும் இலவச உழைப்பாகவே இருக்கிறது.

தமிழ்நாடு அரசால் இதை மாற்ற முடியும். டிட்கோ, சிப்காட், மின்வாரியம் போன்ற அரசு நிறுவனங்களுக்காக வெளி வழக்கறிஞர்களும் சட்ட நிறுவனங்களும் செய்யும் வேலைக்குக் கட்டணம் நம் வரிப்பணம். அந்த வேலை வேண்டும் என்று வரும் நிறுவனத்திடம், உன்னிடம் எந்தெந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்று எழுதிக்கொடு, அரசுச் சட்டக் கல்லூரி மாணவர்களை உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடு என்று நிபந்தனை போட என்ன தடை? தனியார் துறை இடஒதுக்கீட்டுக்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளராக அரசு கேட்கலாம். சமூகநீதி மண் என்று மேடைதோறும் சொல்கிறவர்கள் இந்த ஒரு கையெழுத்தைப் போடட்டும்.

இங்கிலாந்தில் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம், ஒவ்வொரு சட்ட நிறுவனமும் இரண்டாண்டுக்கு ஒருமுறை தன் ஊழியர்களின் பன்மைத்துவக் கணக்கை எடுத்து வெளியிட வேண்டும் என்கிறது. இனம், படித்த பள்ளி, பெற்றோர் பார்த்த தொழில் எல்லாம் கேட்கிறார்கள். சாதி மட்டும் அங்கேயும் இல்லை. சமத்துவச் சட்டத்தில் அதைச் சேர்க்கப்போவதில்லை என்று 2018-இல் அந்த அரசு கைவிட்டுவிட்டது. 2023-இல் இந்திய பார் கவுன்சில் வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களுக்குக் கதவு திறக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. அவர்கள் வந்து இறங்கும்போது இங்குள்ள பன்மைத்துவம் என்று பெண்களை மட்டும் எண்ணிக் காட்டிவிட்டுப் போக விடக் கூடாது.

அதுவரை நாமே எண்ணுவோம். விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் போடுங்கள்: எந்த நிறுவனம், எந்தத் தேதி, உங்கள் கல்லூரி, பதில் வந்ததா, நேர்காணலில் என்ன கேட்டார்கள், உதவித்தொகை உண்டா. திருநெல்வேலி, மதுரை, கோவை, செங்கல்பட்டு என்று ஒவ்வொரு அரசுச் சட்டக் கல்லூரியிலும் வாசகர் வட்டத் தோழர்கள் ஆண்டு முடிவில் இதைத் தொகுக்க வேண்டும். பெயர்களை நீக்கிவிட்டு எண்களை மட்டும் எடுங்கள். பதில் வராததையும் ஒரு வரியாக எழுதுங்கள். அந்த வரிகள்தான் அதிகமாக இருக்கும்.