"12 வோல்ட்டு தானே!" என்று நினைக்கலாமா?

காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீடு. அதற்கு 2 சக்கரம். உள்ளே ஒரு மெத்தை. பின்பக்கத்துக் கதவைத் தூக்கினால், அடுப்பும் பாத்திரமும் வைத்துக் கொள்ள ஓர் அடுக்களை.

கார் அதை இழுத்துக் கொண்டு போகும். காட்டு ஓரத்திலோ, ஏரிக்கரையிலோ நிறுத்தி விட்டு, இரவு அதிலேயே படுத்துக் கொள்ளலாம்.

இதற்கு "டிரெய்லர்" என்று பெயர். அமெரிக்காவில் இதைக் கடையில் வாங்குகிறவர்கள் உண்டு. வீட்டுக் கொல்லையில் தாங்களே செய்து கொள்கிறவர்களும் உண்டு.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1930-ம் ஆண்டுகளிலேயே தொடங்கி விட்டது. 2-வது உலகப் போர் முடிந்த பிறகு, 1947-ல், "மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேட்டட்" என்ற பத்திரிகை இதற்கு வரைபடமே வெளியிட்டது. முன்பக்கம் பருத்து, பின்பக்கம் சரிந்து, கண்ணீர்த் துளி போல இருப்பதால், "கண்ணீர்த் துளி வண்டி" என்றே பெயர் வந்து விட்டது. பெரும்பாலும் 4 அடி அகலம், 8 அடி நீளம். ஏன் அந்த அளவு? ஒட்டுப்பலகை அந்த அளவில்தான் விற்கிறது!

அந்தக் காலத்து வண்டியில் ஓர் ஐஸ் பெட்டியும், ஒரு விளக்கும் இருந்தால் போதும். இன்று அப்படி அல்ல. விளக்கு வேண்டும், மின்விசிறி வேண்டும், தண்ணீர் பம்பு வேண்டும், குளிர்பெட்டி வேண்டும், செல்போனுக்கு மின்சாரம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டரி. அங்கேதான் வம்பும் தொடங்குகிறது.

பலகை அறுக்கப் பழகுகிறார்கள். வர்ணம் அடிக்கப் பழகுகிறார்கள். மின்சாரக் கம்பி என்று வரும்போது மட்டும், "12 வோல்ட்டு தானே! என்ன செய்து விடும்?" என்று சொல்லி விடுகிறார்கள்.

இந்தப் பேச்சுதான் ஆபத்து.

ஷாக் அடிக்காது. ஆனால்...

12 வோல்ட்டு உலர்ந்த கையில் ஷாக் அடிக்காது. அது உண்மை. ஆனால் தீ வைக்கும். அதுவும் உண்மை.

எப்படி?

மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரம் என்பது வோல்ட்டு. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். உயரம் குறைந்தால், அதே வேலையைச் செய்ய அதிகத் தண்ணீர் ஓட வேண்டும்.

அமெரிக்க வீட்டில் 120 வோல்ட்டு. அங்கே 60 வாட்டு விளக்குக்கு அரை ஆம்பியர் போதும். அதே 60 வாட்டு வேலைக்கு 12 வோல்ட்டு பாட்டரியில் 5 ஆம்பியர் ஓட வேண்டும். 10 மடங்கு!

கம்பியில் உண்டாகும் சூடு இன்னும் வேகமாக ஏறும். ஓட்டம் 2 மடங்கு ஆனால், சூடு 4 மடங்கு. ஓட்டம் 10 மடங்கு ஆனால், அதே கம்பியில் சூடு 100 மடங்கு.

"குறைந்த வோல்ட்டு தானே, மெல்லிய கம்பி போதும்" என்று நினைப்பது, ஆகவே, தலைகீழ்க் கணக்கு. குறைந்த வோல்ட்டுக்குத் தடித்த கம்பி வேண்டும்.

கம்பியின் எண்ணும் ஆளை ஏமாற்றும். அமெரிக்காவில் 14-ம் எண் கம்பி மெல்லியது. 12-ம் எண் அதை விடத் தடிப்பு. 10-ம் எண் இன்னும் தடிப்பு. எண் குறையக் குறையக் கம்பி பருக்கும்!

பாட்டரியில் இருந்து 15 அடி தூரத்தில் பம்பும் விசிறியும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர். மின்சாரம் போக 15 அடி, திரும்பி வர 15 அடி. 14-ம் எண் கம்பி போட்டால், வழியிலேயே முக்கால் வோல்ட்டு தொலைந்து விடும். 10-ம் எண் கம்பியில் தொலைவது சுமார் 0.3 வோல்ட்டுதான்.

120 வோல்ட்டில் முக்கால் வோல்ட்டு போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் போனால் விசிறி முனகும்.

பியூஸ் யாருக்குக் காவல்?

பியூஸ் என்பது விளக்கைக் காப்பாற்ற வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது கம்பியைக் காப்பாற்ற வைப்பது.

வண்டி ஓடுகிறது. மேடு பள்ளத்தில் குலுங்குகிறது. தகட்டில் போட்ட ஓட்டை வழியாகப் போகும் கம்பி, அந்த விளிம்பில் உரசிக் கொண்டே இருக்கிறது. ஓட்டையில் ஒரு சின்ன ரப்பர் வளையம் போட்டு இருந்தால் ஒன்றும் ஆகாது. போடவில்லை. மேல் உறை தேய்ந்து, ஒரு நாள் செம்பு வெளியே தெரிகிறது. அலுமினியச் சட்டத்தில் படுகிறது.

பாட்டரி உடனே முழு பலத்தையும் கொட்டும். ஒன்று இரண்டு அல்ல, நூற்றுக் கணக்கான ஆம்பியர்! கம்பி பழுக்கக் காய்ந்து விடும். பக்கத்தில் இருப்பது என்ன? ஒட்டுப்பலகை. மெத்தை. மெத்தையின் மேல் தூங்குகிற கணவனும் மனைவியும், நடுவில் குழந்தையும்.

வழியில் ஒரு 15 ஆம்பியர் பியூஸ் இருந்து இருந்தால், அது கண் இமைக்கும் நேரத்தில் எரிந்து, மின்சாரத்தை நிறுத்தி இருக்கும். விளக்கு அணையும். அவ்வளவுதான்.

அந்தப் பியூஸ் பாட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் வைத்தால், பாட்டரிக்கும் பியூசுக்கும் நடுவே உள்ள கம்பிக்குக் காவல் யார்? இப்படிப்பட்ட வண்டிகளில், பாட்டரி இணைப்பில் இருந்து 18 அங்குலத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மின்சார விதி கூறுகிறது.

பியூஸ் அடிக்கடி எரிகிறதே என்று, 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் போடுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டு வீடுகளிலும் பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியை முறுக்கிக் கட்டிய கைகள் எத்தனையோ! அப்படிச் செய்த பிறகு, சுவருக்குள் இருக்கும் கம்பியே பியூஸ் ஆகி விடுகிறது. எரியப் போவது அதுதான்.

இன்னொன்று. பாட்டரியில் வேலை செய்யும்போது கையில் மோதிரம் கூடாது. கல்யாண மோதிரம் ஆனாலும் கழற்றி வைக்க வேண்டும். திருகு முடுக்கும் இரும்புச் சாவி ஒரு பக்கமும், மோதிரம் மறு பக்கமும் பட்டால், விரலோடு சேர்ந்து மோதிரம் பழுக்கும்.

நிறம் சொல்லும் பொய்

கம்பியின் நிறத்தைப் பார்த்து வேலை செய்யலாமே என்று தோன்றும்.

இந்திய வீடுகளில் சிவப்பு என்றால் மின்சாரம் வரும் கம்பி. கறுப்பு என்றால் நியூட்ரல். பச்சை என்றால் எர்த். பல வீடுகளில் இதுதான் பழகிய வழக்கம்.

அமெரிக்க வீட்டில் கறுப்பில்தான் மின்சாரம் வரும்! வெள்ளைதான் நியூட்ரல்.

அமெரிக்கக் காரில் பாட்டரியின் பிளஸ் பக்கம் சிவப்பு. மைனஸ் பக்கம் கறுப்பு.

காரில் இருந்து டிரெய்லருக்குப் போகும் 7 கம்பி இணைப்பில், பாட்டரி மின்சாரத்தைக் கொண்டு வருவது கறுப்பு. மைனஸ் வெள்ளை.

அதாவது, ஒரே வண்டிக்குள் ஓர் இடத்தில் கறுப்புக் கம்பி மைனஸ். இன்னோர் இடத்தில் பிளஸ். மூன்றாவது இடத்தில் ஆளைக் கொல்லும் 120 வோல்ட்டு!

பச்சையும் லேசுப்பட்டது அல்ல. வீட்டில் அது எர்த். டிரெய்லரின் பின்விளக்கில் அது வலப்பக்கம் திரும்பும் விளக்கு. மஞ்சள் இடப்பக்கம். பழுப்பு, பின்னால் எரியும் சிவப்பு விளக்கு.

நிறத்தை நம்பக் கூடாது. மீட்டரைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் சீட்டு ஒட்டி, பேர் எழுதி விட வேண்டும். இது குழந்தைகளிடம் கொடுக்கக் கூடிய வேலை. அவர்களும் ஆசையாகச் செய்வார்கள்.

எலெக்ட்ரீஷியன் இருக்கிறாரே?

"எதற்கு இந்தப் பாடு? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் போச்சு" என்று ஒரு கட்சி இருக்கிறது.

நியாயமான பேச்சுதான். ஆனால் காட்டில் இரவு 11 மணிக்கு விளக்கு அணைந்தால், எந்த எலெக்ட்ரீஷியன் வருவார்?

அதையும் விடலாம். வீட்டு வேலையில் கெட்டிக்காரரான எலெக்ட்ரீஷியனும் டிரெய்லரில் தவறுவது உண்டு. வீட்டு முறை வேறு, வண்டி முறை வேறு.

முகாம் இடங்களில் டிரெய்லருக்கு என்று 30 ஆம்பியர் பிளக் இருக்கிறது. அதற்கு 120 வோல்ட்டு. அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்தும் எந்திரத்துக்கும் 30 ஆம்பியர் பிளக் உண்டு. அதற்கு 240 வோல்ட்டு. பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. வீட்டு வாசலில் டிரெய்லருக்குப் பிளக் வைக்கச் சொன்னால், பழக்க தோஷத்தில் 240 வோல்ட்டைக் கொடுத்து விடுகிறார்கள். வண்டியைச் செருகியதும் உள்ளே இருக்கும் சாமான் எல்லாம் கருகிப் போகும்.

வீட்டின் முதல் பெட்டியில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டுவார்கள். வண்டியில் அதைச் செய்யவே கூடாது. சேர்த்து விட்டால், வண்டியின் அலுமினிய உடம்பிலேயே மின்சாரம் ஏறக் கூடும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிற குழந்தையின் கதி என்ன?

ஆகவே 120 வோல்ட்டு வேலையைத் தானே செய்து பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. டிரெய்லர் வேலை தெரிந்தவரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போதும், "நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாக இருக்கிறதா? பிளக்கில் எத்தனை வோல்ட்டு?" என்று கேட்கத் தெரிய வேண்டும். கேட்கவாவது படித்து இருக்க வேண்டும்.

முதல் வருஷம் 120 வோல்ட்டே வேண்டாம் என்று வைத்துக் கொண்டாலும் குடி முழுகி விடாது. சிக்கன விளக்குக்குக் கால் ஆம்பியர்தான். 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று இருந்தால், ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்று கணக்கு வைத்தாலும், 50 ஆம்பியர்-மணி கைக்குக் கிடைக்கும். 4 விளக்கை இரவு 5 மணி நேரம் எரித்தால் செலவு 5 ஆம்பியர்-மணிதான். குளிர்பெட்டி வைத்தால் மட்டும் இந்தக் கணக்கு கந்தல் ஆகி விடும்.

பலகையில் பள்ளிக்கூடம்

கற்பதற்குக் கல்லூரி வேண்டாம். ஒரு பலகை போதும்.

பலகையின் மேல் ஒரு பியூஸ், ஒரு சுவிட்சு, ஒரு விளக்கு. பக்கத்தில் பாட்டரி. கையில் ஒரு மீட்டர். முதலில் காகிதத்தில் படம் போட வேண்டும். பிறகு படத்தில் உள்ளபடி கம்பி இழுக்க வேண்டும்.

பாட்டரியில் மீட்டரை வைத்தால் 12.6 காட்டும். விளக்கின் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அந்த வித்தியாசம்தான் கம்பி தின்றது. இதைக் கண்ணால் பார்த்தவர்கள், பிறகு மெல்லிய கம்பி வாங்கவே மாட்டார்கள்.

கம்பியும் ஒற்றைக் கம்பியாக இருக்கக் கூடாது. வீட்டுச் சுவருக்கு அது சரி. குலுங்கும் வண்டியில் ஒடிந்து விடும். பல இழைகள் சேர்ந்த கம்பிதான் வேண்டும். முனையில் குப்பி மாட்டி, அதற்கு உரிய குறடால் அழுத்த வேண்டும். கையால் முறுக்கி டேப் சுற்றுகிற வேலை இங்கே செல்லாது.

இதை எல்லாம் எப்போது பழகுவது? வண்டியின் உள்கூரைப் பலகையை அடிப்பதற்கு முன்பு. பலகை அடித்த பிறகு கம்பி கண்ணில் படாது.

எல்லா விளக்கையும், விசிறியையும், பம்பையும் ஒரு சேரப் போட்டு விட்டு, 1 மணி நேரம் காத்து இருக்க வேண்டும். பிறகு கம்பி போகும் வழி எல்லாம் விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். எங்காவது சூடு தட்டினால், அந்தக் கம்பியை உருவி எறிந்து விட்டுத் தடித்த கம்பி போட வேண்டும். இணைப்பில் சூடு இருந்தால், அதை வெட்டி விட்டு மறுபடி அழுத்த வேண்டும்.

எங்கும் சூடு இல்லையா? இனி ஆணியை எடுக்கலாம்.