கோச்சா, கோக்கா? சிரிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

1/ அக்கா பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். துப்பாக்கி கேம் பைத்தியம். எம்.பி.5 பத்திப் பேசும்போது "ஹெக்லர் அண்ட் கோச்"னு சொல்லியிருக்கான். கூட விளையாடுறவன், "கோச் இல்லடா, கோக். இதுகூடத் தெரியாதா"ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சிருக்கான். "மாமா, எது சரி?"ன்னு வந்து கேட்டான். ரெண்டுமே இல்லடா கண்ணா.

2/ இது ஜெர்மன் கம்பெனி. 1949ல ஓபர்ன்டார்ஃப்ங்கிற ஊர்ல, மவ்ஸர் துப்பாக்கி ஆலையில வேலை பார்த்த இன்ஜினியர்கள் ஆரம்பிச்சது. எட்மண்ட் ஹெக்லர், தியோடர் கோக்ங்கிற ரெண்டு பேரோட பேர்தான் கம்பெனி பேர். கோக்னு நான் எழுதுறதும் தப்புதான். வேற எழுத்து இல்ல.

3/ ஜெர்மன்ல முதல் எழுத்து குறில்: 'கொ'. அதுக்கப்புறம் 'க்'னு தொண்டையை அடைக்கக் கூடாது. நாக்கோட பின்பக்கத்தைத் தூக்கி, காத்தை உரசிக்கிட்டு வெளிய விடணும். 'மகன்'னு சொல்லும்போது நடுவுல வர்ற 'க' இருக்கு பாருங்க, கிட்டத்தட்ட அந்த ஜாதி.

4/ இன்னும் நெருக்கமா வேணுமா? 'எஃகு'ல வர்ற ஆய்தம். எஃகுல செய்யிற துப்பாக்கிக்குப் பொருத்தமாத்தான் இருக்கு! ஆனா நம்ம இலக்கணப்படி ஆய்தம் சொல்லோட கடைசியில வராது. அதனால நம்ம நாக்கு தடுமாறுது. இது அறிவுக் குறைவு இல்ல, பழக்கம். நம்ம 'ழ'வுக்கு ஜெர்மன்காரரும் தடுமாறத்தான் செய்வார்.

5/ அமெரிக்காவுல இதே பேர் என்ன ஆச்சு தெரியுமா? நியூயார்க் மேயரா இருந்த எட் கோச் தன் பேரை 'ச்'ல முடிச்சார். கோடீஸ்வர கோக் சகோதரர்கள் குளிர்பானம் மாதிரி 'கோக்'னு முடிச்சாங்க. எழுத்து ஒண்ணு, குடும்பத்துக்குக் குடும்பம் உச்சரிப்பு வேற. இதுல யாரைப் பார்த்து யார் சிரிக்கிறது?

6/ சரி, டாக்டர் எதுக்குத் துப்பாக்கிக் கதை பேசுறான்னு கேப்பீங்க. இதே பேர் எங்க வார்டுல தினமும் அடிபடுது. 1882 மார்ச் 24 அன்னைக்குக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சதா பெர்லின்ல அறிவிச்சாரே ராபர்ட் கோக், அவர் பேர்தான். டிபின்னு நோயாளி காதுல விழக் கூடாதுன்னு நாங்க 'கோக்ஸ்'னு சொல்லுவோம். சிலர் 'காக்ஸ்'ம்பாங்க.

7/ ஒருநாள் ரவுண்ட்ஸ். அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சு வந்த ஹவுஸ் சர்ஜன் பொண்ணு, கேஸ் சொல்லும்போது 'கோச்ஸ்'னு வாசிச்சிடுச்சு. "எந்த ட்ரெயின்ல கோச்மா?"ன்னு ஒரு சீனியர் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. ஆனா தடுக்கவும் இல்ல.

8/ அடுத்த பெட் நோயாளியும் டிபி மாத்திரை சாப்பிடுறவர். காலையிலேயே அவருக்கு வாந்தி, கண்ணு லேசா மஞ்சள். அந்தப் பொண்ணு பார்த்திருக்கு. மாத்திரை கல்லீரலைப் பாதிக்குதோன்னு சரியாவும் யோசிச்சிருக்கு. ஆனா வாயைத் திறக்கல. சாயங்காலம் ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர் பார்த்துச் சொன்னப்புறம்தான் மாத்திரையை நிறுத்தினோம். நல்லவேளை, பிழைச்சுக்கிட்டார்.

9/ "ஏம்மா காலையிலேயே சொல்லல?"ன்னு கேட்டேன். "மறுபடி ஏதாவது தப்பா உச்சரிச்சுடுவேனோன்னு பயமா இருந்துச்சு சார்." எனக்குப் பதில் இல்ல. அன்னைக்குச் சிரிச்ச சீனியரோட 'காக்ஸ்'ஸும் ஜெர்மன்படி தப்புதான். அவர் இங்கிலீஷ் மீடியம், அதனால யாரும் சிரிக்கல. இங்க நடக்குறது உச்சரிப்புத் திருத்தம் இல்லைங்க. நீ எங்க படிச்சே, உங்கப்பா யாருன்னு பார்க்கிற வேலை.

10/ "அப்போ உச்சரிப்பே முக்கியம் இல்லையா"ன்னு சண்டைக்கு வராதீங்க. முக்கியம்தான். போன்ல டோபமின்னு சொன்னது டோபுடமின்னு காதுல விழுந்தா, போற மருந்தே மாறிடும். ஒருத்தர் பேரை அவர் சொல்ற மாதிரி சொல்ல முயற்சி பண்றது மரியாதையும்கூட. அதனால திருத்துங்க. தனியாக் கூப்பிட்டு, ஒரு வரியில. நாலு பேர் சிரிச்சாத்தான் அது மனசுல நிக்கும்னு சொல்றீங்களே, நிக்கிறது உச்சரிப்பு இல்ல, அவமானம்.

11/ 2020ல 7.5% உள் ஒதுக்கீடு வந்ததுல இருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைங்க நிறைய பேர் மருத்துவக் கல்லூரிக்கு வர்றாங்க. புத்தகத்துல மட்டும் பார்த்த பேர்களை முதல் தடவையா வாயால சொல்லுவாங்க. தடுமாறும். நமக்கும் தடுமாறுச்சு, மறந்துட்டோம். சீனியர்களே, நோயாளியைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சது உங்க காதுக்கு வரணும்னா முதல்ல அவங்களைப் பேச விடுங்க.

12/ அக்கா பையனுக்கு உச்சரிப்பு சொல்லிக் கொடுத்தேன். பத்து தடவையில பிடிச்சுக்கிட்டான். உடனே செல்லை எடுத்து, "இப்போ அவனை வெச்சு செய்யிறேன் பாருங்க மாமா"ன்னான். போனை வாங்கி வெச்சுட்டு, இந்தக் கதையை முதல்ல இருந்து சொன்னேன்.