ஐந்தாம் வகுப்பு முடியும் முன்

ஏப்ரல் பிறந்தால் இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது? மாமி மகன் எந்தப் பள்ளி வேனில் ஏறுகிறானோ, பெரும்பாலும் அதே வேனில் நம் பிள்ளையும் ஏறிவிடுகிறது. பஞ்சாலைச் சம்பளத்தில் பத்தாம் வகுப்பு வரை மெட்ரிக் கட்டணத்தைத் தாங்கும் அத்தா, பதினொன்றாம் வகுப்பில் அரசுப் பள்ளியை நாடுகிறார். நம் ஜமாஅத்துகளில் இது பழகிப்போன பாதை. இதில் இழப்பது என்ன என்பதை நாம் பேசுவதே இல்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. ஆனால் 6 முதல் 12 வரை முழுவதும் அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும். இடையில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு அது கிட்டாது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு மாறியவர்களுக்கு மட்டுமே விலக்கு. 2007 முதல் நமக்குள்ள 3.5 விழுக்காட்டை யாவரும் அறிவர். இந்த 7.5இலும் இனவாரிச் சுழற்சி உண்டு என்பதைத்தான் பலர் அறியார். விருதுநகரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின்னும் இந்த அறியாமை நீடிக்கிறது.

கட்டணம் குறைவு என்பதால் அரசு உதவி பெறும் பள்ளியையும் அரசுப் பள்ளி என்றே பலர் எண்ணுகின்றனர். நகராட்சிப் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் சேரும்; உதவி பெறும் பள்ளி சேராது. அங்கே தமிழ்வழியில் பயின்றால், கல்லூரி சென்றபின் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உண்டு. அதே பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவுக்கு அவை இல்லை. அரசு வேலையில் தமிழ்வழியினருக்குரிய 20 விழுக்காட்டுக்கோ, முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்களை நம்புவோர் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளும் அதில் அடக்கம். தெலுங்கு பேசுவோர் மிகுந்த நம் பகுதியில் இதைக் கேட்காமல் விண்ணப்பிப்பது வீண் அலைச்சல்.

எல்லோரும் அரசுப் பள்ளிக்கே போகட்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பும், பூட்டிக் கிடக்கும் கழிப்பறையும் பெண்பிள்ளையைப் பெற்றோருக்குச் சிறிய காரணங்கள் அல்ல. நேரில் சென்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பார்க்கும்போது வேன் நேரத்தையும் கேளுங்கள். ஏழரைக்கே வாசலில் வந்து நிற்கும் வேன், ஃபஜ்ருக்குப் பின் ஓதும் மக்தப் நேரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.

ஜமாஅத் நிர்வாகிகள் ஜனவரியில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைச் சொல்லலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் யார் யார் என்பது மக்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது.