பனிமூட்டத்தில் ஜி.பி.எஸ்-ஐ நம்பி விமானம் இறங்கலாமா?

டிசம்பர், ஜனவரி வந்தாலே 'டெல்லியில் பனிமூட்டம், விமானங்கள் தாமதம்' என்ற செய்தி தவறாமல் வரும். 'போனிலேயே ஜி.பி.எஸ் இருக்கே, அதை வெச்சு விமானத்தைத் தானா இறக்கிட வேண்டியதுதானே?' என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான்!

விமானம் தானாக இறங்குவது புதிதல்ல. 1965 ஜூனிலேயே பாரிஸிலிருந்து லண்டன் போன டிரைடன்ட் பயணிகள் விமானம் தானியங்கி முறையில் தரையைத் தொட்டது. இன்றும் டெல்லியின் அடர்பனியில் வழிகாட்டுவது, ஓடுபாதை ஓரம் இருக்கும் ஐ.எல்.எஸ் கருவிகள் அனுப்பும் ரேடியோ அலைதான். ஆனால், இதை ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் தனியாக நிறுவிப் பராமரிக்க வேண்டும். சின்ன ஊர் விமான நிலையங்களுக்கு அது பெரிய செலவு. அதனால்தான் எல்லோரும் செயற்கைக்கோளைப் பார்க்கிறார்கள்.

சோதனைகளும் எப்போதோ தொடங்கிவிட்டன. 1994 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, கலிஃபோர்னியாவின் க்ரோஸ் லேண்டிங் தளத்தில் ஒரு போயிங் 737-ஐ ஜி.பி.எஸ் உதவியோடு தானியங்கியாகவே 110 முறை இறக்கிக் காட்டியது. அப்புறமும் ஏன் இத்தனை வருடத் தயக்கம்?

துல்லியம் மட்டும் போதாது என்பதுதான் விஷயம். 'இப்போ என்னை நம்பாதே' என்று கருவியே உடனே சொல்ல வேண்டும். போனில் நாம் நிற்கும் இடம் பக்கத்துத் தெருவாகக் காட்டினால், ஆட்டோக்காரருக்கு வழி சொல்லிச் சமாளிக்கலாம். இறங்கும் விமானமோ நொடிக்குச் சுமார் மூன்றரை மீட்டர் கீழே வந்துகொண்டிருக்கும். பிழையைச் சொல்ல 6 நொடி எடுத்தால், அதற்குள் 21 மீட்டர் இறங்கியிருக்கும்! போதாததற்கு, ஜி.பி.எஸ் அதிகம் தடுமாறுவதே உயரத்தைக் கணிப்பதில்தான். செயற்கைக்கோள்கள் எல்லாமே நம் தலைக்கு மேலேதானே இருக்கின்றன?

இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய 'ககன்', ஜி.பி.எஸ் பிழைகளைத் திருத்திச் செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. 2022 ஏப்ரல் 28-ல் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர் விமானம் இதைப் பயன்படுத்தி இறங்கிச் சோதித்தது. நமக்குப் பெருமைதான். ஆனால், இந்த வகை வழிகாட்டல் நல்ல நிலையிலும் தரைக்கு மேல் சுமார் 60 மீட்டர் வரைதான். அதற்குக் கீழே ஓடுபாதை பைலட்டின் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கண்ணே தெரியாத பனிக்கு, விமான நிலையத்திலேயே ஒரு திருத்த நிலையம் வைக்கும் 'ஜிபாஸ்' முறையை வெளிநாடுகளில் சோதித்துவருகிறார்கள். அங்கே பிழை எச்சரிக்கை 2 நொடிக்குள் வந்தாக வேண்டும். இந்தியாவுக்குக் கூடுதல் தலைவலி ஒன்றும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனைப் பக்கமாகப் போவதால், சூரியன் மறைந்த பிறகு இங்கே அயனமண்டலம் அடிக்கடி கலங்கி, சிக்னலைக் குழப்பும்.

இயற்கை மட்டுமா? 2025 நவம்பரில் டெல்லியில் 10-ம் எண் ஓடுபாதையை ஜி.பி.எஸ் உதவியோடு நெருங்கிய சில விமானங்களுக்குப் போலி சிக்னல் வந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. வழக்கமான தரைக் கருவிகள் இயங்கிய மற்ற ஓடுபாதைகளில் இந்தப் பிரச்னை இல்லையாம்.