தாமதமாக வரும் ஆவணமும் ஐந்தாவது குழுவும்

ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் ஆறு முதன்மைக் குழுக்களுள் ஐந்தாவது குழு என்பது நிறுவனத்தின் வரவுசெலவு, பணியாளர் நிர்வாகம், அமைதிகாப்புப் பணிகளுக்கான நிதி ஆகியவற்றை ஆராய்ந்து சபைக்குப் பரிந்துரை செய்யும் குழுவாகும். 193 உறுப்பு நாடுகளுக்கும் அதில் இடம் உண்டு. போர், அமைதி குறித்த உரைகள் செய்தித்தாள்களை நிரப்புகையில், அவ்வுரைகள் செயலாவதற்கு வேண்டிய பணத்தை ஒதுக்கும் இக்குழுவோ வெளியுலகின் கவனத்துக்கு அதிகம் வருவதில்லை. அதன் அமர்வுகள் தொடங்கும்போதெல்லாம் எழும் பழைய குறை ஒன்று உண்டு: விவாதிக்க வேண்டிய ஆவணங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்பதே அது.

விதியில் குழப்பம் ஏதும் இல்லை. ஓர் அறிக்கையை எழுதும் துறை, அது விவாதத்துக்கு வருவதற்குப் பத்து வாரங்களுக்கு முன்பே அதை மாநாட்டு நிர்வாகத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். செம்மைப்படுத்தவும் மொழிபெயர்க்கவும் நான்கு வாரங்கள் போக, எஞ்சிய ஆறு வாரங்கள் நாடுகள் படிப்பதற்கு உரியவை. அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் என ஆறு மொழிகளிலும் ஆவணம் ஒரே வேளையில் வெளியாக வேண்டும் என்பதும், தலைமைச் செயலகத்தின் அறிக்கை 8,500 சொற்களுக்குள் அடங்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த கட்டுப்பாடுகள்.

ஆனால் ஐந்தாவது குழுவுக்கு ஓர் ஆவணம் மட்டும் போதாது. பொதுச் செயலரின் நிதிக் கோரிக்கையை முதலில் ஆலோசனைக் குழு ஒன்று ஆராய்கிறது. 1946இல் உருவாக்கப்பட்டு இன்று 21 உறுப்பினர்களைக் கொண்டுள்ள இக்குழுவினர், தத்தம் நாட்டின் பிரதிநிதிகளாக அல்லாமல் தனிப்பட்ட தகுதியில் பணியாற்றும் நிதி, நிர்வாக வல்லுநர்கள் ஆவர். அதிகாரிகளை அழைத்து மூடிய அறையில் கேள்வி கேட்டு, எழுத்து வடிவில் விடை பெற்று, அதன்பின் தமது அறிக்கையை இவர்கள் எழுதுகின்றனர். அவ்வறிக்கை கைக்கு வராமல் ஐந்தாவது குழு பேச்சைத் தொடங்குவதில்லை. ஆகவே முதல் ஆவணத்தில் ஏற்படும் இரண்டு வாரத் தாமதம், இரண்டாவது ஆவணத்தை அடையும்போது ஒரு மாதமாகக்கூட வளர்ந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் செயலகத்தின் சோம்பலே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மைகூட ஆகாது. ஓர் அமைதிகாப்புப் பணியின் கணக்கு, களத்திலிருந்து நியூயார்க்குக்கு வந்து பல துறைகளின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே அறிக்கையாகிறது. அவற்றுள் ஏதேனும் ஒரு மேசையில் அது தங்கினாலும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட நாட்கள் வீணாகின்றன. உறுப்பு நாடுகள் சந்தாவை நேரத்தில் செலுத்தாததால் விளைந்த பண நெருக்கடியில் பணி நியமனங்கள் நிறுத்தப்பட்டு மாநாட்டுச் சேவைகளும் குறைக்கப்பட்டன. ஆவணம் தாமதமாகிறது என்று வருந்தும் அவையிலேயே சந்தாவைத் தாமதப்படுத்திய நாடுகளும் அமர்ந்திருக்கின்றன. அறிக்கைகளைக் கேட்டுக்கேட்டுப் பெருக்குவதும் அதே சபைதான். 2025இல் பொதுச் செயலர் அந்தோனியோ குத்தேரஸ் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய ஆண்டில் செயலகம் தயாரித்த அறிக்கைகள் 1,100. இது 1990ஆம் ஆண்டின் அளவைவிட 20 விழுக்காடு அதிகம். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அறிக்கைகள் ஒவ்வொன்றும் 2,000 முறைகூடப் பதிவிறக்கப்படவில்லை. யாரும் படிக்காத அறிக்கையும் யாவரும் காத்திருக்கும் அறிக்கையும் ஒரே வரிசையில் நிற்கின்றன என்பது கசப்பான வேடிக்கை.

நடைமுறை விதிகளின் 153ஆம் விதி இன்னொரு நெருக்கடியைச் சேர்க்கிறது. செலவை உண்டாக்கும் எந்தத் தீர்மானமும் பொதுச் செயலரின் செலவு மதிப்பீடு இல்லாமல் வாக்குக்குச் செல்ல முடியாது. மற்றக் குழுக்கள் நவம்பரின் பிற்பகுதியில் நிறைவேற்றும் தீர்மானங்களுக்கு உரிய மதிப்பீடுகள், ஆலோசனைக் குழு வழியாக டிசம்பரில் ஒட்டுமொத்தமாக வந்து குவிகின்றன. ஐந்தாவது குழுவின் முதன்மை அமர்வு டிசம்பர் நடுவில் முடிய வேண்டியது; முடிவதோ கிறிஸ்துமஸை ஒட்டியோ அதற்கும் பிறகோதான். 2023ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் நிறைவேறியது 2022 டிசம்பர் 30ஆம் தேதி.

இந்தத் தாமதம் எல்லாரையும் சமமாகத் தாக்குவதில்லை. பேசப்பட வேண்டியது அதுதான். பெரிய நாடு ஒன்றின் தூதுக்குழுவில் நிதி விவகாரங்களுக்கென்றே பலர் இருப்பர். ஆவணம் இரவில் வந்தாலும் காலையில் கேள்விகள் தயாராக இருக்கும். ஒரே அதிகாரி இரண்டு மூன்று குழுக்களைக் கவனிக்கும் சிறிய தூதரகமோ அதைப் படித்து, தலைநகருக்கு அனுப்பி, அறிவுறுத்தல் பெறுவதற்குள் பேச்சு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. செம்மைப்படுத்தப்படாத முன்வடிவத்தை ஆங்கிலத்தில் மட்டும் தந்து காலத்தை ஈடுசெய்யும்போது, பிரெஞ்சு மொழியில் நிர்வாகம் நடத்தும் ஆப்பிரிக்க நாட்டின் ஆறு வார உரிமையோடு ஆறு மொழி உரிமையும் போய்விடுகிறது. இக்குழுவில் பெரும்பாலான முடிவுகள் கருத்தொற்றுமையால் எட்டப்படுகின்றன. படிக்க நேரம் கிடைக்காத நாடு கருத்தொற்றுமைக்குத் தருவது மௌனத்தை மட்டுமே. நேரம் போதாத பொருள்கள் அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. ஒரு முன்மொழிவை எதிர்ப்பவர்களுக்கு வாதம்கூடத் தேவைப்படாத வெற்றி அது.

2025இல் இந்த இடர் உச்சத்தை எட்டியது. 2026ஆம் ஆண்டுக்கான திட்டத்தை ஆலோசனைக் குழு வழக்கப்படி கோடைக்காலத்திலேயே ஆராய்ந்திருந்த நிலையில், நிதியில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும் பணியிடங்களில் ஏறத்தாழ 19 விழுக்காட்டையும் குறைக்கும் திருத்திய மதிப்பீட்டைப் பொதுச் செயலர் செப்டம்பரில் முன்வைத்தார். ஆயிரக்கணக்கான பணியிடங்களைப் பற்றிய ஆய்வு, மாதக்கணக்கில் நடக்க வேண்டியது, சில வாரங்களுக்குள் நெருக்கப்பட்டது. 345 கோடி டாலருக்கான திட்டத்தைச் சபை ஏற்றுக்கொண்டது டிசம்பர் 30ஆம் தேதி. அந்தத் திட்டத்தின்படி செலவிடவும் பணியிடங்களைக் குறைக்கவும் வேண்டிய நிதியாண்டு தொடங்கியது ஜனவரி 1ஆம் தேதி.