முதியோரின் செவிச்செல்வம்

"வயது போனால் காது மந்தம்தானே" என்று ஒதுக்கிவிடும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இதனை நாம் ஏற்கோம்.

கமக்காரர் கூட்டத்தில் முதியவர் ஒருவர், தீர்மானம் இன்னதென்று விளங்காமலே தலையசைக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர் பேச்சுத் துணையின்றித் திண்ணையில் ஒதுங்குகிறார். குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை. முதுமையில் உயர் சுருதி ஒலிகளே முதலில் மங்குகின்றன. உழவு இயந்திரத்தின் பேரிரைச்சலும், 2009 வரை எம் மண்ணில் வெடித்த குண்டுகளும் செவிக்கு ஊறு விளைப்பனவே.

அறுபது வயதைக் கடந்தோருள் நால்வரில் ஒருவருக்கு மேல் இக்குறையால் இடருறுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அறிவித்தது. மறதி நோய்க்கு வழிகோலும் காரணிகளுள் இதனையும் ஒன்றாக மருத்துவ அறிஞர் கொள்கின்றனர். சிலருக்கோ காதுக் குறும்பியை அகற்றுவதே போதும். எது வேண்டுமென்பதைச் சோதனையே காட்டும்.

மூக்குக்கண்ணாடிக்கு நாணாத நாம் காதுக் கருவிக்கு நாணுவானேன்? நாணத்திலும் பெரிய தடை விலையே. ஒரு போகத்து வெங்காய வருமானத்தை விழுங்கிவிடக்கூடிய கருவியை ஏழைக் கமக்காரன் எங்ஙனம் வாங்குவான்?

ஆகவே, ஆதார வைத்தியசாலை தோறும் செவிப் பரிசோதனை கிடைக்க வேண்டும். தூரக் கிராமங்களுக்கு நடமாடும் சிகிச்சைக் குழு செல்ல வேண்டும். அரசாங்கம் கருவிகளை மொத்தமாகக் கொள்வனவு செய்து குறைந்த விலையில் வழங்க வேண்டும். காதுக்கேற்பப் பொருத்தும் பணியும் மின்கலமும் பழுதுபார்ப்பும் அதனுடன் சேர வேண்டும். இன்றேல் கருவி பெட்டியிலேயே உறங்கும்.

இது பிச்சையன்று, உழைத்து ஓய்ந்தோரின் உரிமை. ஆள்வோரின் செவியாவது பழுதின்றி இருக்கிறதா?