ஸ்கேன் படங்களுக்குக் காவல் யார்?

புதுதில்லி: எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களை நோயாளி உறையில் போட்டுச் சுமந்து திரிந்த காலம் மாறி வருகிறது. படங்கள் மருத்துவமனையின் சர்வரில் சேமிக்கப்படுகின்றன. ‘டைகாம்’ எனப்படும் பொதுவான வடிவத்தில் அவை இருப்பதால், ஓர் ஊரில் எடுத்த படத்தை வேறு ஊரில் உள்ள நிபுணரும் பார்க்க முடிகிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் வெளியிட்ட மின்னணு மருத்துவ ஆவண நெறிமுறைகளும் இந்த வடிவத்தை ஏற்றுள்ளன.

இதனால் கிடைக்கும் வசதியை யாரும் மறுக்கவில்லை. ஆனால், இத்தகவல்கள் முடக்கப்பட்டாலோ கசிந்தாலோ நோயாளிக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்கு முழுமையான விடை கிடைக்கவில்லை.

2022 நவம்பர் 23-ல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையவழித் தாக்குதலுக்கு உள்ளாயின. புறநோயாளிகள் பதிவு முதல் பரிசோதனை முடிவுகள் வரை அனைத்தும் பல நாள்களுக்குக் கையால் எழுதப்பட்டன. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் முடக்கப்பட்டதாகவும், கணினி வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே இதற்குக் காரணம் என்றும் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. பாதிக்கப்படாத மாற்று சர்வரில் இருந்த நகல்தான் தகவல்களை மீட்க உதவியது.

தாக்குதல் நடந்தால்தான் ஆபத்து என்பதில்லை. இந்திய நோயாளிகளின் சுமார் 12 கோடி மருத்துவப் படங்கள், போதிய பாதுகாப்பில்லாத சர்வர்கள் வழியாக இணையத்தில் திறந்து கிடந்ததாக ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் 2020-ல் தெரிவித்தது. படத்துடன் நோயாளியின் பெயர், பிறந்த தேதி ஆகியவையும் சேர்ந்தே பதிவாவதுதான் பிரச்னையின் வேர்.

மருத்துவத் தகவல்களுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவர 2018-ல் வெளியிடப்பட்ட வரைவு, சட்டமாகவில்லை. மருத்துவத் தகவலை ‘நுண்ணுணர்வுத் தகவல்’ எனத் தனியே வகைப்படுத்திய 2019-ஆம் ஆண்டு மசோதாவும் 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. 2023-ல் நிறைவேறிய தனிநபர் மின்னணுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இச்சட்டம் வழிசெய்கிறது. ஆனால், அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதியில் சேருமே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாகாது. அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரமும் மத்திய அரசிடமே உள்ளது. 2025 நவம்பரில் விதிகள் வெளியிடப்பட்டபோது, முக்கியக் கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசமும் தரப்பட்டது.

மறுபுறம், 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 70 கோடிக்கும் அதிகமானோருக்கு மருத்துவ அடையாள எண் வழங்கப்பட்டுள்ளது. நோயாளியின் ஒப்புதலுடன் மட்டுமே தகவல்கள் பகிரப்படும் என்கிறது அரசு. ஆனால், அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் ஏழை நோயாளி அந்த ஒப்புதலை மறுக்கும் நிலையில் இருக்கிறாரா? கசிவு நேர்ந்தால் அவர் யாரிடம் நிவாரணம் கேட்பது? அடையாள எண்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், இந்தக் கேள்விகளுக்கே நாடாளுமன்றத்தில் அரசு முதலில் பதிலளிக்க வேண்டும்.